நானூற்றுப் பன்னிரண்டு வசவுகள்

“நாம தோத்ததுக்கு நாமளே ஏன்ப்பா கை தட்டறோம்?”

காவேரிக்கு அப்போது ஆறு வயது. அப்பா சென்றாயனின் தோள்மீது உட்கார்ந்திருந்தாள். கை தட்டுவதற்காக அவர் அவள் கால்களை விட்டுவிட்டிருந்ததால், விழாமல் இருக்க அவர் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். சென்றாயனுக்குப் பதில் தெரியும். ஆனால் இரண்டடி தள்ளி முனிவேல் ஸ்டாப்வாட்சோடு நின்றுகொண்டிருந்தார். கைதட்டல் முடிய இன்னும் மூன்று விநாடி இருந்தது.

அந்தப் பதிலைச் சொல்ல வேண்டுமானால் கோவிந்தப்பனிடமிருந்து தொடங்க வேண்டும்.

ஓசூர் தொழிற்பேட்டையில் சக்ரதாரா பம்ப்ஸ் என்ற கம்பெனி இருந்தது. அதற்கு ஒரு கால்பந்து கிளப்பும் இருந்தது. பம்ப்புகள் நன்றாக ஓடின. கிளப் அப்படி இல்லை. மாவட்டப் போட்டியில் இரண்டாவது சுற்றைத் தாண்டியதில்லை. ஆனாலும் சனிக்கிழமை நாலு மணிக்கு மைதானத்தின் ஓரத்தில் இருந்த கறுப்பு மணல்மேட்டில் இருநூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியில் கழிந்த மணலைக் கொட்டிக் கொட்டி உண்டான மேடு அது. வேப்பனப்பள்ளிக்காரர்கள் தெலுங்கில் கத்துவார்கள், தளி பக்கத்து ஆட்கள் கன்னடத்தில் கத்துவார்கள். கோவில்பட்டியிலிருந்து வந்த செல்வம் தன் ஊர்த் தமிழில் கத்துவான். அது மற்றவர்களுக்கு நான்காவது பாஷை.

கோவிந்தப்பன் ஸ்டோர்ஸில் குமாஸ்தா. பதினோரு வருஷமாகக் கிளப்பின் செயலாளர். முதல் வருஷம் ஆனேக்கல் அணியிடம் ஏழு கோல் வாங்கித் தோற்ற அன்று, மேட்டிலிருந்தவர்கள் கோல்கீப்பரை அடிக்க இறங்கினார்கள். கோவிந்தப்பன் குறுக்கே வந்து நின்றார். “அவனை விட்டுருங்க. டீமைப் பொறுக்குனது நான். திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க” என்றார்.

திட்டினார்கள். அது அப்படியே வழக்கமாகிவிட்டது.

தோற்ற ஒவ்வொரு நாளும் அவர் மேட்டுக்கு எதிரே வந்து கைகட்டி நிற்பார். ஆட்டக்காரர்கள் கோல்வலையைக் கழற்றி மடித்து முடிக்கும்வரை யார் வேண்டுமானாலும் அவரைத் திட்டலாம். அதுவரை ‘நீ’, ‘வா’, ‘போ’ எல்லாம் செல்லும். அம்மா, அக்கா, தங்கையை இழுக்கக் கூடாது. இழுத்தவன் கோல்கம்பங்களைச் சுமந்துகொண்டு போய் ஷெட்டில் வைக்க வேண்டும். வலை மடித்தாயிற்று என்றால் எல்லோரும் மறுபடியும் “அண்ணா, டீ சாப்பிடலாம் வாங்க” என்பார்கள். அவரும் போவார். அவர் ஒருமுறைகூடப் பதில் திட்டியதில்லை. வசவு ரொம்ப நன்றாக இருந்தால் மட்டும் மீசைக்குள் சிரிப்பார்.

தோற்காத சனிக்கிழமைகளில் சிலருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

இதை ஆபீஸ் மாடி ஜன்னலிலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் முனிவேல். ஒரு போல்ட்டை முடுக்க எத்தனை விநாடி ஆகிறது என்று அளக்கும் வேலையில் இருந்த இளம் இன்ஜினியர். கெட்ட மனிதர் அல்ல. கையில் ஸ்டாப்வாட்ச் இருக்கும்போது எதையாவது அளக்காமல் இருக்க முடியாது, அவ்வளவுதான். அந்த சீசன் முழுவதும் அவர் வசவுகளை எண்ணினார். சொற்கள் கேட்காததால், உயர்ந்த கைகளை வைத்து எண்ணினார். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு.

அதே சமயத்தில்தான் சென்னைத் தலைமை அலுவலகம், கம்பெனியின் எல்லா மன்றங்களையும் நவீனப்படுத்த வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியது. கிளப்புக்கு நிர்வாகத் தலைவர் என்று ஒரு புதிய பதவி உண்டானது. பர்சனல் மேனேஜர் ஜெயமணி அதில் நியமிக்கப்பட்டார். செயலாளர் பதவி என்ன ஆயிற்று என்று சுற்றறிக்கையில் இல்லை.

பதவியேற்பு விழாவுக்கு மாலை நாலு மணி என்று போட்டிருந்தார்கள். ஆட்டக்காரர்கள் பதினொரு பேரும் ஆளுக்கொரு மாலையோடு ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றார்கள். பிறகு ஜெயமணி பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கி வைத்தார். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது, அவருடைய ஷூ மட்டும் கோலுக்குள் போனது. அதற்குக் கை தட்டினார்கள். ஷூவை எடுத்துவந்து போட்டுக்கொண்டு மைக் முன்னால் நின்றார்.

“நான் பந்தை உதைத்தே பழக்கமில்லாதவன். இதை ஒரு குறையாகச் சிலர் பேசுவதாக அறிகிறேன். உண்மையில் அதனால்தான் பந்தின்மீது எனக்குத் தனிப்பட்ட விருப்பு வெறுப்பு கிடையாது. தோற்பது ஆட்டக்காரர்களின் துறை. அதில் நிர்வாகம் தலையிடாது. ஜெயிப்பது எப்போதாவது நடந்தால் உடனே எனக்குத் தெரிவிக்க வேண்டும்.”

அன்று இருட்டுவதற்குள் இருபது நிமிடம்தான் ஆட முடிந்தது. ஆட்டம் கோலில்லாமல் நின்றதால், புதிய தலைமையின் கீழ் அணி தோற்கவே இல்லை என்று அறிவிப்புப் பலகையில் எழுதினார்கள்.

மறுவாரம் ரோஸ் நிறத்தில் ஒரு படிவம் வந்தது. ‘தலைமை மாற்றம் குறித்து ரசிகர்களின் மனநிலை.’ மகிழ்ச்சி, மிகுந்த மகிழ்ச்சி, அளவற்ற மகிழ்ச்சி என்று மூன்று கட்டங்கள். வேறு ஏதாவது எழுத வேண்டுமானால் படிவத்தின் பின்பக்கத்தில், மேலதிகாரியின் கையொப்பத்தோடு எழுதலாம். ஜவளகிரியிலிருந்து வந்துபோகும் முனிசாமிக்குப் படிக்கத் தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று கட்டத்திலும் கைநாட்டு வைத்தார். அந்தப் படிவத்தைக் கண்ணாடிபோட்டு கேன்டீனில் மாட்டினார்கள்.

பிறகு முனிவேல் மேட்டுக்கு வந்தார். தலைமை அலுவலகம் ரசிகர்களின் உணர்வுகளைப் பதிவு செய்ய விரும்புகிறது, கோவிந்தப்பனை எப்படியெல்லாம் திட்டினீர்கள் என்று சொன்னால் எழுதிக்கொள்ளலாம் என்றார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஏதோ சிறப்பு மலர் போடப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். தங்கள் வசவு சென்னைக்குப் போகிறது என்ற சந்தோஷம் அவர்களுக்கு. சென்றாயனின் கையெழுத்து அச்சுப்போல இருக்கும் என்பதால் அவனை எழுதச் சொன்னார்கள்.

இரண்டு நாள் சாயங்காலம் எழுதினான். ஒருவன் சொன்ன வசவை இன்னொருவன் தன்னுடையது என்று சண்டை போட்டான். “‘இன்னும் பத்தடி அகலமா கோல் வெச்சாலும் உன் ஆளுங்கோ வெளியதான் அடிப்பானுங்கோ’, அது நான் சொன்னதுப்பா. என் பேரைப் போடு” என்று முனிசாமி ஃபவுண்டரியிலிருந்து ஓடிவந்து சொல்லிவிட்டுப் போனார். திட்டாதவர்களும் ஆளுக்கு ஒன்று புதிதாகச் செய்து கொடுத்தார்கள். முந்நூற்றுத் தொண்ணூறில் சரக்கு தீர்ந்தபோது, முனிவேலின் கணக்கு சரியாக வர வேண்டும் என்பதற்காகச் செல்வம் மீதி இருபத்திரண்டையும் ஒரே மூச்சில் சொன்னான். எல்லோரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள்.

மூன்றாம் நாள் சென்றாயனை ஜெயமணி தன் அறைக்குக் கூப்பிட்டார்.

சென்றாயன் சக்ரதாராவில் ஏழு வருஷமாக டெம்பரரி. எட்டு மாதத்துக்கு ஒருமுறை, நிரந்தர உரிமை வந்துவிடக் கூடாது என்பதற்காக, அவனுக்கு பிரேக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். சில வாரம் கழித்து புது ஆள்போல மறுபடியும் எடுத்துக்கொள்வார்கள். ஏழு வருஷத்தில் ஒன்பது முறை அவன் அந்தக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறான். அன்று மேஜைமேல் அவன் பெயர் போட்ட பர்மனென்ட் ஆர்டர் இருந்தது. கையொப்பம் மட்டும் பாக்கி. அதற்குப் பக்கத்தில் அவன் எழுதிய வசவுப் பட்டியல். பட்டியலின் மேல் புதிதாக ஒரு தாளைத் தைத்திருந்தார்கள். ‘கோவிந்தப்பனின் தவறான நடத்தையால் தொழிலாளர் மத்தியில் உண்டான கொந்தளிப்புக்கான சாட்சியம்.’ கீழே, ‘முதன்மைச் சாட்சி’ என்று ஒரு கோடு.

அது சிறப்பு மலர் இல்லை என்று சென்றாயனுக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரிந்துவிட்டது என்பதை நான் இங்கே மறைக்க விரும்பவில்லை.

“சார், நாங்க சும்மா திட்டுவோம் சார். அது ஒரு வழக்கம்…”

“இந்தப் பட்டியலில் பொய் ஏதாவது எழுதியிருக்கிறாயா?”

“இல்லீங்க சார்.”

“அப்படியானால் நீ உண்மைக்குத்தான் கையெழுத்துப் போடுகிறாய். உண்மைக்குக் கையெழுத்துப் போட ஒரு மனிதன் ஏன் தயங்க வேண்டும்? நான் தினமும் எத்தனை தாளில் போடுகிறேன், பாதியைப் படிப்பதுகூட இல்லை.”

சென்றாயன் போட்டான். ஜெயமணி அவன் ஆர்டரில் போட்டார். இருவரும் ஒரே பேனாவை உபயோகித்தார்கள்.

அன்று வீட்டில் மனைவி நஞ்சம்மா பாயசம் வைத்தாள். அவன் வயிறு சரியில்லை என்றான். மறுநாள் காலையில் சந்திரசூடேஸ்வரர் மலைக்கோவிலுக்குப் படியேறிப் போனான். பாதி வழியில் திரும்பிவிட்டான். மேலே போய் நின்று என்ன கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்டதுதான் கிடைத்துவிட்டதே.

கோவிந்தப்பனுக்கு நோட்டீஸ் வந்தது. விசாரணை முடியும்வரை ஸ்டோர்ஸில் வேண்டாம் என்று பின்கேட்டில் லாரி எடைபோடும் இடத்துக்கு மாற்றினார்கள். ஓய்வுபெற அவருக்கு ஐந்து மாதம் இருந்தது. குற்றம் நிரூபணமானால் டிஸ்மிஸ் என்ற சொல் அவருடைய சர்வீஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஏறும். முப்பது வருஷம் ஆணி, நட்டு எண்ணி ஒன்றுகூடக் குறையாமல் கொடுத்த மனிதர் அவர்.

மைதானத்தில் வசவு தடைசெய்யப்பட்டது. அதற்குப் பதிலாகக் கைதட்டல் வந்தது. முனிவேல் அளவு வகுத்தார்: தலைவர் வருகைக்கு நாற்பது விநாடி, நம் கோலுக்குப் பன்னிரண்டு, எதிரணி கோலுக்கு எட்டு. எதிரணிக்கு எதற்கு என்று செல்வம் கேட்டான். அதற்கு ஜெயமணி மைக்கிலேயே விளக்கம் சொன்னார்.

“நம் மைதானத்தில் விழும் எல்லா கோலும் நம் நிர்வாகத்தின் கீழ் விழும் கோல். எந்தப் பக்கம் விழுந்தது என்று பார்ப்பது குறுகிய மனப்பான்மை. மொத்தக் கோல் எண்ணிக்கையில் இந்த ஆண்டு நாம் முப்பது சதவீதம் முன்னேறியிருக்கிறோம்.”

முப்பது சதவீதத்துக்கும் கை தட்டினார்கள். ஆபீஸ் ஆட்களும் வர வேண்டும் என்று உத்தரவானதால், சனிக்கிழமை நாலு மணிக்கு மாடி முழுக்கக் காலியாகிவிடும். மேடு நிரம்பியது. மேட்டில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பட்டியலில் எல்லோருடைய கையெழுத்தும் இருந்தது. டீக்கடைக்குத் தனித்தனியாகப் போனார்கள்.

திட்ட ஆள் இல்லாமல் போனதால் வசவு நின்றுவிடவில்லை. வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. செல்வம் சோறு குழைந்ததற்காகத் தட்டைத் தள்ளினான் என்று கேள்விப்பட்டார்கள். சென்றாயன் ஒருநாள் காவேரியை, சிலேட்டை உடைத்ததற்காக, பிள்ளையிடம் சொல்லக் கூடாத ஒரு சொல்லைச் சொல்லித் திட்டினான். அவள் அழவில்லை. கைகட்டி நின்று கேட்டுக்கொண்டாள். அந்த நிற்பைப் பார்த்ததும் அவன் வெளியே போய்விட்டான்.

நேராகப் பின்கேட்டுக்குப் போனான். கோவிந்தப்பன் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து எடைச்சீட்டில் கார்பன் வைத்துக்கொண்டிருந்தார். சென்றாயன் வாசலிலேயே நின்றான். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

“நோட்டீஸோட, பேருங்கள மட்டும் மறைச்சுட்டு, அந்தப் பட்டியல் காப்பியும் குடுத்தாங்க” என்றார் அவர். “உன் எழுத்துதானே? அழகா இருந்துச்சுப்பா. ஒரு எடத்துலகூட அடிச்சுத் திருத்தல.”

அவர் அதைக் குத்தலாகச் சொல்லியிருந்தால் சென்றாயனுக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் நிஜமாகவே சொன்னார்.

“ஒண்ணு மட்டும் கேக்கணும்னு இருந்தேன். அதுல நூத்தி எழுவத்தி நாலாவது. ‘பிரேக் குடுத்து வீட்டுக்கு அனுப்புனவன் மாதிரி நிக்கறியே, வாயத் தொறயேன்டா’ன்னு. அது யாரு திட்டுனது?”

“நாந்தாண்ணா.”

“அந்த வாரம் உனக்கு பிரேக் குடுத்திருந்தாங்க இல்ல?”

“ஆமாண்ணா.”

“அன்னிக்கே நெனைச்சேன். குரல் வேற மாதிரி இருந்துச்சு. வூட்டுக்கு வந்து என்னா ஏதுன்னு கேக்கணும்னு இருந்தேன், விட்டுப்போச்சு. மன்னிச்சிக்கப்பா.”

ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. கோவிந்தப்பன் எழுந்து போனார். சென்றாயன் வந்த வழியே திரும்பி நடந்தான். மன்னிப்பு கேட்க வந்த இடத்தில் அவர் முந்திக்கொண்டார். அதற்குமேல் கேட்பதற்கு அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அன்றிலிருந்து உட்கார்ந்து, பட்டியலில் தன் பெயருக்கு எதிரே இருந்த ஒவ்வொரு வசவையும் நினைவுபடுத்தினான். எந்தச் சனிக்கிழமை, அந்த வாரம் என்ன நடந்தது, வாய் யாரைத் திட்டியது, மனம் யாரைத் திட்டியது. நாலு நாள் ஆயிற்று. பிறகு ஒரு கடிதம் எழுதினான்.

‘ஐயா, நான் எழுதிக்கொடுத்த பட்டியலில் அறுபத்தொரு வசவுகள் என்னுடையவை. அவை யாருக்காகத் திட்டியவை என்பதை எழுதாமல் விட்டது என் தவறு. ஷிஃப்ட் சூப்பர்வைசருக்குப் பத்தொன்பது. எனக்கு பிரேக் கொடுத்த பர்சனல் துறைக்குப் பதினான்கு. வீட்டு ஓனருக்கு ஒன்பது. கேன்டீன் சாம்பாருக்கு ஆறு. நிற்காமல் போன தளி பஸ்ஸுக்கு நான்கு. என்னை நானே திட்டிக்கொண்டவை ஆறு. கால்பந்துக்காகத் திட்டியது மூன்றுதான். அந்த மூன்றும் நியாயமில்லை, அன்று நடுவர் சரியாகத்தான் ஊதினார். கோவிந்தப்பன் என்பவர் இவற்றை எல்லாம் வாங்கிக்கொண்டு நின்றதைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை. மற்றவர்களைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார்கள். சாட்சிக் கையெழுத்து நான் தெரிந்தே போட்டது. அதை வாபஸ் வாங்குகிறேன். எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் சம்மதம்.’

இந்தக் கடிதம் என்ன செய்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஜெயமணி அதைப் படித்துவிட்டு, இதனால் ஒன்றும் ஆகாது, விசாரணை நடக்கட்டும் என்றார். பர்சனல் துறையில் பதினைந்து வருஷமாக ஃபைல்களைப் பார்த்துவந்த ருக்மணி, நிலையாணைப் புத்தகத்தைத் திறந்து, திட்டப்பட்டவர்கள் அனைவரையும் விசாரிக்க வேண்டும் என்ற விதியைக் காட்டினாள். ஓர் ஆள் எழுதியதிலேயே இத்தனை பேர் வருகிறார்கள், மேட்டில் இருநூறு பேர் இருக்கிறார்கள் என்றாள்.

“சூப்பர்வைசருங்களுக்கு நோட்டீஸ் அடிச்சிடறேன் சார். கேன்டீன் கான்ட்ராக்டருக்கு ஒண்ணு. பர்சனல் துறைன்னு இருக்கறதால உங்களுக்கும் ஒண்ணு வரும். ஜெனரல் மேனேஜரை எத்தனை பேரு திட்டியிருப்பாங்கன்னு எழுதி வாங்கினப்புறம் அவருக்கு அனுப்பலாமா, இல்ல இப்பவே அனுப்பிடலாமா சார்?”

ஜெயமணி ஜன்னல் வழியாக மணல்மேட்டைப் பார்த்தார். பிறகு, கோவிந்தப்பனின் நீண்ட சேவையையும் நிர்வாகத்தின் பெருந்தன்மையையும் கருத்தில் கொண்டு ஃபைலை மூடுவதாக எழுதினார். கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. காட்டினால் அதில் இருப்பதையும் காட்ட வேண்டும். சென்றாயனின் பர்மனென்ட் ஆர்டர் ‘எழுத்துப் பிழை காரணமாக’ திரும்பப் பெறப்பட்டு ஒரு வருஷம் தள்ளிப்போனது. கம்பெனிக்குப் பம்ப் ஆர்டர் வரவில்லையாம், அதனால் தள்ளிப்போட்டார்களாம் என்று நஞ்சம்மாவிடம் சொன்னான். பத்தாவது முறையாகப் புதிதாகச் சேர்ந்தான்.

கோவிந்தப்பன் ஸ்டோர்ஸுக்குத் திரும்பினார். மார்ச் மாதம் சுத்தமான சர்வீஸ் புத்தகத்தோடு ஓய்வு பெற்றார். எப்படி மூடினார்கள் என்று மேட்டில் பல கதை உலவியது. யூனியன் மிரட்டியதால்தான் என்றான் செல்வம். தன் வேண்டுதல்தான் பலித்தது என்று முனிசாமி தலையை மொட்டை அடித்துக்கொண்டார். கோவிந்தப்பன் இரண்டு பேருக்கும் நன்றி சொன்னார். சென்றாயன் அப்போது பக்கத்தில்தான் இருந்தான். அவனும் மொட்டையைத் தடவிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றான்.

கடிதம் கொடுத்த நாள் ஒரு சனிக்கிழமை. வயிற்றுவலி என்று முனிவேலிடம் சொல்லிவிட்டு நாலேகால் மணிக்கு மாடி ஏறினான். உத்தரவுப்படி எல்லோரும் மைதானத்தில் இருந்தார்கள். பர்சனல் துறையில் இருபது நாற்காலிகளும் காலி. வரும் கடிதங்களைப் போடும் தட்டு ருக்மணியின் மேஜையில் இருந்தது. பக்கத்தில் பதிவுப் புத்தகம். ஆள் இல்லாதபோது கொடுப்பவரே எழுத வேண்டும் என்று அட்டையில் ஒட்டியிருந்தது.

பெயர் எழுதினான். தேதி எழுதினான். ‘பொருள்’ என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. நெடுநேரம் யோசித்து ‘கால்பந்து’ என்று எழுதினான். கடிதத்தைத் தட்டில் வைத்தான். மேலே மின்விசிறி வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்ததால் தாள் எழும்பியது. சுவிட்சைத் தேடி அணைத்தான். இறக்கைகள் மெல்ல மெல்ல நின்று, தாள் தட்டில் அசையாமல் படுத்த பிறகு, படியிறங்கிப் போனான்.